தலைப்புச் செய்தியும் வாக்குப் பட்டியலும்

(எமது வானொலியில் ஞாயிறு மாலை நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாத நேரடி ஒலிபரப்பின்போது ஒரு சகோதரி தொலைபேசியில் வந்து ஒரு கேள்வி கேட்டார். அவர் குடும்பத்தோடு ஒல்லாந்தில் இருந்து இங்கே வந்து குடியேறியவர். "அண்ணை, எங்கட எம்.பி. ஒரு துண்டுப்பிரசுரத்தில எழுதியிருக்கிறார், பிரெக்சிற் நேரம் ஐரோப்பாவில இருந்து வந்த ஆக்களுக்காகத் தான் நிண்டவர் எண்டு. அது உண்மையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? பேப்பருகளில ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அன்று செய்தி நேரம் வந்துவிட்டதால் இரண்டு வசனத்தில் பதில் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. இன்று அந்தக் கேள்விக்குச் சற்று ஆறுதலாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் அரசறிவியல் படித்தவன் அல்லன். வர்த்தகப் பட்டதாரி, தொழில் கணக்கு எழுதுவது. ஆனால் 2016 முதல் 2020 வரை இந்த வானொலியின் வாராந்தச் செய்தி ஆய்வுக்காகப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பிரெக்சிற் வாக்கெடுப்புகளை ஒன்றுவிடாமல் பின்தொடர வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் வாக்குப் பட்டியலும் மறுபக்கத்தில் காலைப் பத்திரிகைகளுமாக இருந்து பார்த்தபோது ஒரு விடயம் தெளிவாகியது. தலைப்புச் செய்தியில் வருவது ஒரு கூட்டுத்தொகை. என்ன கேள்விக்கு அந்தத் தொகை வந்தது, அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பட்டியல்தான் சொல்லும். எங்கள் ஆட்களின் வாழ்க்கையைத் தொட்ட வாக்கெடுப்புகளோ பெரும்பாலும் தலைப்புக்கு வரவேயில்லை.

முதலில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கக்கூடிய ஒரு வாக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 15, செவ்வாய் இரவு. பிரதமர் தெரேசா மே ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் சபையின் முன் வந்தது. ஆதரவு 202, எதிர்ப்பு 432. வித்தியாசம் 230. அதற்கு முன் 1924இல் ராம்சே மக்டொனால்டின் அரசாங்கம் 166 வாக்குகளால் தோற்றதுதான் பெரிய தோல்வியாகச் சொல்லப்பட்டு வந்தது. எனவே மறுநாள் எல்லாப் பத்திரிகைகளுக்கும் தலைப்புக் கிடைத்துவிட்டது: வரலாறு காணாத தோல்வி.

கணக்கு எழுதுபவனுக்கு இரண்டு தொகையைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. 202ஐயும் 432ஐயும் கூட்டினால் 634. சபையில் ஆசனங்கள் 650. மிகுதி 16 பேர் எங்கே? ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் பக்கத்துக்கு இருவராக நான்கு பேர் எண்ணுவதற்கு நிற்பார்கள். அவர்களுடைய வாக்குத் தொகையில் சேராது. சபாநாயகரும் அவருடைய மூன்று பிரதிகளும் வாக்களிப்பதில்லை. ஆக எட்டு. வட அயர்லாந்தின் சின் பெயின் கட்சியினர் ஏழு பேர் வெஸ்ற்மின்ஸ்ரரில் ஆசனம் ஏற்பதே இல்லை. பதினைந்து. மிஞ்சியவர் ஒரேயொருவர்: வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் தொகுதித் தொழிற்கட்சி உறுப்பினர் போல் பிளின். கடுமையாக நோயுற்றிருந்தார், அடுத்த மாதம் காலமானார். வங்கிக் கணக்கிணக்கம் ஒரு பென்னி பிசகாமல் வருவதுபோல 650உம் வந்துவிட்டது. அப்படியொரு இரவு அது. வரக்கூடிய எல்லோரும் வந்திருந்தார்கள்.

எப்படி வந்தார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. டியூலிப் சித்திக் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் நிறைமாதக் கர்ப்பிணி. வைத்தியர்கள் நாள் குறித்திருந்த சிசேரியன் சத்திரசிகிச்சையைப் பிற்போட்டுவிட்டுச் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். ஒருவர் வரமுடியாவிட்டால் எதிர்க்கட்சியில் ஒருவரும் வாக்களிக்காமல் விட்டுச் சரிக்கட்டுவது அங்கே பழைய வழக்கம். ஆனால் 2018 ஜூலையில், குழந்தை பெற்ற விடுப்பில் இருந்த ஓர் உறுப்பினருக்கு அப்படிக் கொடுத்த வாக்கு மீறப்பட்டிருந்தது. பிறகு யார் நம்புவார்கள்? அந்தச் சக்கர நாற்காலிப் படத்துக்குப் பின், அதே மாத இறுதியில், பிரசவ விடுப்பில் இருப்பவருக்காக இன்னொருவர் பதிலாள் வாக்களிக்கும் முறை வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டியலில் ஒருவருடைய பெயர் இல்லையென்றவுடன் அவர் அக்கறையில்லாதவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஏன் இல்லை என்று பார்க்க வேண்டும்.

இனி அந்த 432க்குள் இறங்குவோம். அதில் 118 பேர் பிரதமரின் சொந்தக் கொன்சவேட்டிவ் கட்சியினர். 248 பேர் தொழிற்கட்சி. ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சி 35, லிபரல் டெமோக்கிரட் 11, வட அயர்லாந்தின் டி.யு.பி. 10, மிகுதி வேல்ஸ் கட்சியும் பசுமைக் கட்சியும் சுயேச்சைகளும். இவர்கள் எல்லோரும் ஒரே நடைபாதையால் போய் 'இல்லை' என்றார்கள். ஆனால் அந்த 118 பேரில் பெரும்பாலோருக்கு ஒப்பந்தம் ஐரோப்பாவோடு அளவுக்கதிகமாகக் கட்டிப்போடுகிறது என்பது குறை. ஸ்கொட்லாந்துக் காரருக்கோ விலகுவதே குறை. தொழிற்கட்சித் தலைமைக்குச் சுங்க ஒன்றியமும் பொதுத் தேர்தலும் வேண்டியிருந்தது. வடக்கே போகிறவனும் தெற்கே போகிறவனும் ஒரே பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற மாதிரி.

எங்கள் தொழிலில் 'பல்வகைச் செலவுகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. எதை எங்கே போடுவது என்று தெரியாவிட்டால் அதற்குள் போடுவார்கள். அந்தத் தொகை பெருத்தால் கணக்காய்வாளர் கட்டாயம் விபரம் கேட்பார். 432 அப்படியொரு தொகை. அரசாங்கம் தோற்றது உண்மை. யார் வென்றது என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த இரண்டரை மாதம் நாடு பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் அந்தப் பதில் இல்லாமைதான். மார்ச் 12இல் அதே ஒப்பந்தம் மீண்டும் வந்து 149 வாக்குகளால் தோற்றது. மார்ச் 29இல், அதாவது விலகுவதற்கென்று முதலில் குறித்த அதே நாளில், மூன்றாம் தடவை 58 வாக்குகளால் தோற்றது.

சபை தானே ஒரு வழியைத் தேடட்டும் என்று மார்ச் 27இல் எட்டுப் பிரேரணைகளை வைத்துப் பார்த்தார்கள். எட்டும் தோல்வி. கார்டியன் பத்திரிகை முதற்பக்கத்தில் எட்டுத் தரம் 'இல்லை' என்று போட்டது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் ஏப்ரல் 1ஆம் திகதி இரண்டாம் சுற்று நடந்தபோது வந்த எண்களைப் பாருங்கள். சுங்க ஒன்றியத்துக்கு ஆதரவு 273, எதிர்ப்பு 276. மூன்று வாக்கால் தோல்வி. எந்த ஒப்பந்தமானாலும் மக்களிடம் திரும்பக் கேட்க வேண்டும் என்ற பிரேரணைக்கு ஆதரவு 280, எதிர்ப்பு 292, பன்னிரண்டால் தோல்வி. எது வெற்றிக்குக் கிட்ட நின்றது? ஆதரவைப் பார்த்தால் இரண்டாவது. வித்தியாசத்தைப் பார்த்தால் முதலாவது. இரு தரப்புப் பத்திரிகைகளுக்கும் விரும்பியதை எடுத்துக்கொள்ள இடமிருந்தது. இரண்டிலும் கூட்டுத்தொகை 650க்கு வெகு கீழே நிற்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அமைச்சர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார்கள் என்பதே அதன் பொருள். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 3இல், ஒப்பந்தம் இல்லாமல் விழுந்துவிடாமல் கால நீடிப்புக் கேட்கச் சொல்லும் சட்டமூலம் 313க்கு 312 என்று ஒரேயொரு வாக்கால் கீழ்ச்சபையில் நிறைவேறியது. அதே நாளில் இன்னொரு திருத்தம் 310க்கு 310 என்று சமநிலையில் நிற்க, சபாநாயகர் ஜோன் பேர்கோ தமது வாக்கைப் போட்டுத் தோற்கடித்தார். சபாநாயகர் அப்படி வாக்களிக்க நேர்ந்தது 1993க்குப் பின் அதுவே முதல் தடவை.

பத்திரிகைகளுக்கு வருவோம். இந்த நாட்டுப் பத்திரிகை ஒவ்வொன்றும் ஒரு கொடியின் கீழ் நிற்பது எங்களுக்குப் புதினமில்லை. 2016இல் டெய்லி மெயில் விலகச் சொன்னது. அதே நிறுவனத்தின் ஞாயிறு மெயில் விலக வேண்டாம் என்றது. டைம்ஸ் இருக்கச் சொன்னது. சண்டே டைம்ஸ் வெளியேறச் சொன்னது. ஒரு வீட்டுக்குள்ளேயே சனிக்கிழமை ஒரு புத்தி, ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தி. கருத்துச் சொல்வது அவர்கள் உரிமை. எனக்குப் பிரச்சினை தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்தாமல் போவதில்தான்.

2016 மார்ச்சில் சண் பத்திரிகை, மகாராணி பிரெக்சிற்றை ஆதரிக்கிறார் என்று முதற்பக்கத்தில் பெரிதாகப் போட்டது. பக்கிங்ஹாம் அரண்மனை முறைப்பாடு செய்தது. பத்திரிகைத் தர நிர்ணய அமைப்பு மே மாதம் விசாரித்து, அந்தத் தலைப்பு வாசகரைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்புச் சொன்னது. தலைப்பைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் பார்த்திருப்பார்கள்?

அதே வருடம் நவம்பர் 4ஆம் திகதி டெய்லி மெயில் மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு அவர்களை மக்களின் எதிரிகள் என்று எழுதியது. அவர்கள் செய்த குற்றம் என்ன? விலகல் அறிவித்தலைக் கொடுப்பதற்குப் பாராளுமன்றத்தில் சட்டம் இயற்ற வேண்டும், அமைச்சர்கள் தாங்களாகச் செய்ய முடியாது என்றார்கள். விலகுவது சரியா பிழையா என்று அவர்கள் சொல்லவேயில்லை. 2017 ஜனவரி 24இல் உச்ச நீதிமன்றமும் 8க்கு 3 என்று அதையே சொன்னது. சட்டமூலம் வந்தது. பெப்ரவரி 1இல் இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 498, எதிர்ப்பு 114. விலகலைத் தடுக்கும் சதி என்று பத்திரிகை வர்ணித்த வழியால் போய், நான்குக்கு ஒன்றுக்கும் மேலான பெரும்பான்மையோடு விலகல் அறிவித்தலுக்கு அனுமதி கிடைத்தது.

அந்தச் சிவப்புப் பஸ்சையும் சொல்லாமல் விட முடியாது. வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. கடை வைத்திருக்கும் நேயர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மொத்த விற்பனை நிலையத்தில் சாமான் எடுக்கிறீர்கள். விலைப்பட்டியலில் 17.8 என்று இருக்கிறது, அங்கேயே 4.9 கழிவு போட்டுவிடுகிறார்கள். நீங்கள் காசு கொடுப்பது 12.9. உங்கள் கணக்குப் புத்தகத்தில் செலவு 17.8 என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் என்ன சொல்வேன்? இவை 2015ஆம் ஆண்டுக்கான திறைசேரியின் எண்கள், பில்லியன் பவுண்களில். கழிவான 4.9 இந்த நாட்டைவிட்டுப் போகவேயில்லை. கொடுத்த 12.9இலும் ஏறத்தாழ 4.4 விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்குமாகத் திரும்பி வந்தது. தேறிய தொகை 8.5, வாரத்துக்குப் பிரித்தால் 163 மில்லியன் அளவு. அதுவும் சிறிய காசு இல்லை. அதைச் சொல்லியே விலக வேண்டுமென்று வாதாடியிருக்கலாம். 2017 செப்டெம்பரில் பொறிஸ் ஜோன்சன் அந்த 350ஐத் திரும்பவும் எழுதியபோது, புள்ளிவிபர அதிகார சபையின் தலைவர் அது உத்தியோகபூர்வப் புள்ளிவிபரங்களைத் தவறாகப் பயன்படுத்துவது என்று அவருக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சனத்தில் ஒரு பகுதியினர் நேராக இலண்டனுக்கு வந்தவர்கள் அல்லர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து, டென்மார்க், சுவிஸ், நோர்வே என்று எங்கே கதவு திறந்ததோ அங்கே தஞ்சம் கேட்டு, அந்தந்த மொழியைப் படித்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்து, பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், உறவுகளுக்குப் பக்கத்தில் இருப்போம் என்று இங்கே வந்தவர்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்தபடியால் விசா தேவைப்படவில்லை. இரண்டாம் தடவையும் பெட்டி கட்டியவர்கள். இனிக் கட்டத் தேவையில்லை என்று நம்பியவர்கள்.

2016 ஜூன் 23 சர்வசன வாக்கெடுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், இங்கே சட்டப்படி வசித்த இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் வாக்களிக்கலாம். ஒல்லாந்துக் கடவுச்சீட்டு எடுத்த அவருடைய தம்பி வாக்களிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்து, மோல்ற்றா, சைப்பிரஸ் நாட்டவருக்கு மட்டுமே வாக்கிருந்தது. யாருடைய இருப்புக் கேள்விக்குறியானதோ அவருக்கே வாக்கில்லை. 51.9 வீதத்துக்கு 48.1 வீதம் என்று முடிவு வந்த காலையில் எத்தனையோ வீடுகளில் தமையனும் தம்பியும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இனி எங்களுக்கு என்ன நடக்கும்?

பதில் வர நெடுங்காலம் எடுத்தது. 2017 மார்ச் 1இல் பிரபுக்கள் சபை, ஏற்கெனவே இங்கே வாழும் ஐரோப்பியக் குடிமக்களின் உரிமைகளை உறுதிப்படுத்த வேண்டும் என்று 358க்கு 256 வாக்குகளால் ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. மார்ச் 13இல் கீழ்ச்சபை அதை 335க்கு 287 என்று நீக்கிவிட்டது. அரசாங்கத்தின் நியாயம் என்னவென்றால், ஸ்பெயினிலும் பிரான்சிலும் வாழும் பிரித்தானியருக்கு அதே உறுதி கிடைக்கும்வரை ஒரு பக்கமாகக் கொடுக்க முடியாது என்பது. அந்த வாதத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் பத்து வருடம் இங்கே வரி கட்டிய குடும்பத்தைப் பேரம்பேசும் மேசையில் வைப்பது சரியல்ல என்றுதான் அன்றும் இந்த ஒலிவாங்கியில் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அன்று காலைதான் ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்ரேர்ஜன் இரண்டாவது சுதந்திர வாக்கெடுப்புக் கேட்கப்போவதாக அறிவித்திருந்தார். செய்தி நேரத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. 335க்கு 287 என்ற அந்த எண் எங்கள் ஆட்கள் எத்தனை பேரின் காதில் விழுந்தது?

இன்னொன்று, அதைவிட மறைவானது. 2019 பெப்ரவரி 27. தென் லெஸ்ரர்ஷயர் தொகுதிக் கொன்சவேட்டிவ் உறுப்பினர் அல்பேட்டோ கொஸ்டா, இத்தாலியப் பெற்றோரின் மகன். ஒப்பந்தம் கிடைத்தாலும் சரி கிடைக்காவிட்டாலும் சரி, குடிமக்களின் உரிமைப் பகுதியைத் தனியே காப்பாற்ற வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அமைச்சர் ஒருவரின் பாராளுமன்றச் செயலாளர் பதவியில் இருந்தவர், அதைக் கைவிட வேண்டி வந்தது. திருத்தத்தையோ அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை, ஆகவே வாக்கெடுப்பே நடக்கவில்லை. வாக்கெடுப்பு இல்லையென்றால் எண் இல்லை. எண் இல்லையென்றால் தலைப்பும் இல்லை, பட்டியலும் இல்லை. தனியே பிரித்து உடன்படிக்கை செய்ய ஐரோப்பிய ஒன்றியம் பிறகு விருப்பம் காட்டவில்லை என்பது வேறு கதை. ஆனால் எங்கள் ஆட்களுக்காகச் சபை முழுதும் ஒரே குரலில் நின்றது அன்றைக்குத்தான். வாக்குப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே வராது. ஹன்சாட்டைத் திறந்து பேச்சுகளை வாசித்தால்தான் கிடைக்கும். ஹன்சாட் என்ற பெயர் எங்களுக்குப் புதிதல்ல. கொழும்புப் பாராளுமன்றப் பதிவேட்டுக்கும் அதே பெயர்தானே.

அதே வருடம் ஜனவரி 21இல் தெரேசா மே தமது மாற்றுத் திட்டம் என்று ஓர் அறிக்கை வாசித்தார். திட்டத்தில் புதிதாக ஒன்றுமில்லை என்று எல்லோரும் பேசினார்கள். அதற்குள் ஒரு வரி இருந்தது: குடியேற்ற நிலைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் பெரியவர்களுக்கு 65 பவுண், பிள்ளைகளுக்கு 32 பவுண் 50 பென்ஸ் என்று வைத்திருந்த கட்டணம் இரத்து. தாய் தகப்பன், மூன்று பிள்ளைகள், பாட்டியுமாக ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அது 292 பவுண் 50 பென்ஸ்.

2019 ஒக்டோபரில் நடந்தவற்றை விரைவாகக் கடந்து போகிறேன். அக்டோபர் 22 இரவு பொறிஸ் ஜோன்சனின் விலகல் சட்டமூலம் 329க்கு 299 என்று இரண்டாம் வாசிப்பில் வென்றது. சற்று நேரத்தில் அதே சபை, மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்ற அவருடைய கால அட்டவணையை 322க்கு 308 என்று தோற்கடித்தது. இரண்டில் எதைத் தலைப்பில் போடுவது என்பது ஆசிரியரின் தெரிவு. டிசம்பர் 12 தேர்தலில் அவருக்கு 80 ஆசனப் பெரும்பான்மை கிடைத்தபின் பத்திரிகைகளுக்கு வாக்கெடுப்புகளில் சுவாரசியம் போய்விட்டது. முடிவு தெரிந்த விளையாட்டை யார் பார்ப்பார்கள்? எங்களுக்கு முக்கியமான இரண்டு வாக்கெடுப்புகள் அப்போதுதான் வந்தன.

2020 ஜனவரி 20. பிரபுக்கள் சபையில் லிபரல் டெமோக்கிரட் கட்சியின் ஓற்ஸ் பிரபு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குடியேற்ற நிலை பெற்றவருக்குக் கையில் பிடிக்கக்கூடிய ஓர் அத்தாட்சிப் பத்திரம் கொடுக்க வேண்டும், கணினிப் பதிவு மட்டும் போதாது என்பது அது. 270க்கு 229 என்று நிறைவேறியது. மறுநாள் அல்ஃப் டப்ஸ் பிரபுவின் திருத்தம். ஐரோப்பாவில் தனித்து நிற்கும் அகதிப் பிள்ளைகள் இங்குள்ள உறவினரோடு சேரும் வழியை விலகலுக்குப் பின்னும் காப்பாற்ற வேண்டும் என்பது. டப்ஸ் 1939இல் ஆறு வயதில் பிராக் நகரில் இருந்து ரயிலில் தனியாக அனுப்பப்பட்டு உயிர்தப்பிய யூதப் பிள்ளை. அது 300க்கு 220 என்று நிறைவேறியது. ஜனவரி 22ஆம் திகதி கீழ்ச்சபை இரண்டையும் நீக்கியது. டப்ஸின் திருத்தம் போனது 342க்கு 254 என்ற கணக்கில். பிரபுக்கள் சபை அன்றே விட்டுக்கொடுத்தது. மறுநாள் மகாராணியின் சம்மதம். ஜனவரி 31 இரவு 11 மணிக்கு விலகல். அந்த வாரத்துச் செய்தியெல்லாம் பிக் பென் மணியை அடிப்பதா விடுவதா என்பதைப் பற்றித்தான் இருந்தது.

கையில் அத்தாட்சி இல்லாதது என்ன பெரிய விடயம் என்று கேட்கலாம். 2021 ஜூன் 30 விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் ஐரோப்பியக் கடவுச்சீட்டை மட்டும் காட்டினால் போதாது; இணையத்தில் புகுந்து ஓர் இலக்கத்தை எடுத்து மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, எழுபது தாண்டியவர், டென்மார்க் கடவுச்சீட்டு. விண்ணப்பத்தைச் செய்துகொடுத்தது மகன். பதிந்தது மகனின் பழைய கைத்தொலைபேசி இலக்கம். மகன் இலக்கத்தை மாற்றிவிட்டார். வீட்டு முகவர் அத்தாட்சி கேட்கிறார், அம்மா கடிதத்தைக் காட்டுகிறார், கடிதத்திலேயே இது அத்தாட்சி அல்ல என்று எழுதியிருக்கிறது. "தம்பி, அகதியாய் வந்த நேரமும் எனக்கு ஒரு காட் தந்தவங்கள்" என்றார் அந்த அம்மா. சரிசெய்ய ஐந்து கிழமை எடுத்தது.

ஐந்து வருடம் நிறையாதவர்களுக்குக் கொடுத்த தற்காலிக நிலை இன்னொரு தலையிடி. காலம் முடியுமுன் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் உரிமை தானாகப் போய்விடும் என்றிருந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது விலகல் உடன்படிக்கைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகே ஹோம் ஒபிஸ் காலத்தைத் தானாக நீடித்துக் கொடுக்கத் தொடங்கியது. இந்தத் தீர்ப்பும் உள்பக்கச் செய்திதான்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு நேரடி விடை. பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு வாக்கெடுப்பும் திகதிவாரியாக, பெயர்வாரியாக இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. பிரெக்சிற் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து குழம்பும். திகதியைக் கொடுத்துத் தேடுங்கள். நான் மேலே சொன்ன 2017 மார்ச் 13, 2020 ஜனவரி 22 ஆகிய இரண்டு நாட்களும் போதும். அன்று என்ன பிரேரணை என்பதை முதலில் வாசியுங்கள். கவனம்: பிரபுக்கள் சபையின் திருத்தத்தை 'நீக்குவதா' என்றுதான் கீழ்ச்சபையில் கேட்பார்கள். எனவே அங்கே 'ஆம்' என்றவர் உங்கள் உரிமைக்கு எதிராக வாக்களித்தவர்; 'இல்லை' என்றவர் ஆதரவாக வாக்களித்தவர். இதைத் தெரியாமல் எம்.பி.மாருக்கு நன்றிக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. பெயரே இல்லாவிட்டால் எண்ணுநராக நின்றாரா, விடுப்பா என்று பாருங்கள். 2024 ஜூலைத் தேர்தலில் பல தொகுதிகளில் ஆட்கள் மாறிவிட்டார்கள். புதியவரிடம் பழைய வாக்கைத் தேட முடியாது, கேள்வியைக் கேட்கலாம்.

இது ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரரின் பாடு, எங்களுக்கென்ன என்று அன்று இருந்த மற்ற நேயர்களுக்கும் ஒரு தகவல். கையில் அத்தாட்சி இல்லாமல் கணினிப் பதிவு மட்டும் என்ற அந்த முறை அவர்களோடு நிற்கவில்லை. நிரந்தர வதிவிட உரிமைக்காரர் பலர் வைத்திருந்த வதிவிட அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகி, அவற்றின் இடத்துக்கு மின்னணு விசா வந்துவிட்டது. பழைய கடவுச்சீட்டில் முத்திரையாக மட்டும் வதிவிட உரிமை வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் அந்தப் பதிவைச் செய்து வையுங்கள்; செய்யும்போது அவர்களுடைய சொந்தத் தொலைபேசி இலக்கத்தையே கொடுங்கள். முறையை அறியாதவர்கள் புதன்கிழமை மாலைகளில் எமது நிலையத்துக்கு வந்தால் தொண்டர்கள் உதவி செய்வார்கள். பழைய கடவுச்சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.